கோடு வரைவது கணிப்பொறி, பொறுப்பு நம்முடையது



அண்மையில் சிதம்பரத்தை அடுத்த ஒரு பள்ளியில் நடைபெற்ற அறிவியல் கண்காட்சிக்குச் சென்றிருந்தேன். அங்கே ஒரு மேசையில் பதினோராம் வகுப்பு மாணவியர் இருவர் வீராணம் ஏரியின் நீர்மட்டத்தை வரைபடமாக்கி ஒட்டி வைத்திருந்தனர். நாளிதழில் வந்த பத்து நாள் அளவுகள் அவை. அந்தப் பத்து நாட்களில் மட்டம் 47.1 அடியிலிருந்து 46.5 அடிக்கு இறங்கியிருந்தது. இருவரும் எடுத்துக்கொண்ட எண்கள் ஒன்றே. கணிப்பொறி ஒன்றே. எழுதிய நிரல்மொழியும் பைத்தான் என்னும் ஒரே மொழிதான்.

ஆனால் படங்கள் இரண்டும் இரண்டு கதைகளைச் சொல்லின. ஒருத்தி பட்டை வரைபடம் வரைந்திருந்தாள். பத்துப் பட்டைகளும் ஒரே உயரத்தில், சிப்பாய்கள் அணிவகுத்து நிற்பதைப் போல நின்றன. கீழே, “ஏரி நிரம்பியே உள்ளது” என்று எழுதியிருந்தாள். மற்றவள் கோட்டு வரைபடம் வரைந்திருந்தாள். கோடு இடப்பக்க மேல்மூலையில் தொடங்கி வலப்பக்கக் கீழ்மூலையில் போய் விழுந்தது. கீழே, “ஏரி வற்றிக்கொண்டிருக்கிறது!” என்று வியப்புக்குறியுடன் எழுதியிருந்தாள்.

“இருவரில் யார் சொல்வது சரி?” என்று கேட்டேன். ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒருத்தி சொன்னாள்: “ஐயா, நாங்கள் எண்களை மட்டும்தான் கொடுத்தோம். படத்தைக் கணிப்பொறிதான் போட்டது.”

இந்த விடைதான் என்னை இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. படத்தைக் கணிப்பொறியா போட்டது? அன்று. யாரோ ஒருவர் முன்கூட்டியே எடுத்து வைத்த முடிவுகள் போட்டன. அந்த முடிவுகள் எங்கே இருக்கின்றன? வரைபட நூலகத்தில்.

நூலகம் என்றதும் புத்தக அலமாரியை நினைக்க வேண்டாம். நிரல்மொழியில், பலருக்கும் பயன்படும் வேலைகளை ஒருவர் எழுதி வைத்துவிட்டால், மற்றவர்கள் அதை அழைத்துப் பயன்படுத்திக்கொள்ளலாம். அத்தகைய ஆணைகளின் தொகுப்புக்கே நூலகம் என்று பெயர். அச்சுகளை எங்கே நிறுத்துவது, எத்தனை அளவுக்குறிகள் இடுவது, கோட்டுக்கு என்ன நிறம் என்பன போன்ற நூற்றுக்கணக்கான வேலைகளை வரைபட நூலகம் நமக்காகச் செய்து தருகிறது. நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் தானே ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறது. இதை ‘இயல்பிருப்பு’ என்பர். நம் மாணவியரை ஏமாற்றியது இந்த இயல்பிருப்புத்தான்.

எப்படி என்று பார்ப்போம். அவர்கள் பயன்படுத்தியது ‘மேட்பிளாட்லிப்’ என்னும் நூலகம். அதில் பட்டை வரைபடம் கேட்டால், பட்டைகள் சுழியிலிருந்து எழும்பும். 47.1க்கும் 46.5க்கும் உள்ள வேறுபாடு நூற்றுக்கு ஒன்றேகால் பங்குதான். ஆகவே கண்ணுக்குத் தெரியவில்லை. கோட்டு வரைபடம் கேட்டால், அதே நூலகம் மிகக் குறைந்த எண்ணையும் மிக அதிகமான எண்ணையும் பார்த்து, விளிம்பில் சிறிது இடம் விட்டு, எஞ்சிய தாள் முழுவதையும் அந்த இடைவெளிக்கே கொடுத்துவிடும். ஆகவே அரையடி இறக்கம் மலைச்சரிவாகத் தோன்றுகிறது.

இரண்டில் எது சரி? இரண்டும் போதா என்பதே என் கருத்து. காரணம் ஏரியிலேயே இருக்கிறது. வீராணத்தின் முழு மட்டம் 47.50 அடி என்று படிக்கிறோம். இது ஏரியின் ஆழமன்று. ஒரு நிலையான குறிமட்டத்திலிருந்து அளந்த உயரம். அந்த அளவுகோலின் சுழி ஏரித் தரைக்கும் வெகு கீழே இருக்கிறது. ஆகவே சுழியிலிருந்து எழும் பட்டைக்கு இங்கே பொருளே இல்லை. மாறாக, ஏரியில் உள்ள நீரின் கொள்ளளவை எடுத்துக்கொண்டால் நிலைமை வேறு. முழுக் கொள்ளளவு 1,465 மில்லியன் கன அடி. இங்கே சுழி என்றால் உண்மையிலேயே ஒரு சொட்டும் இல்லை என்று பொருள். கொள்ளளவைப் பட்டையாக வரைந்து, 1,465இல் ஒரு கிடைக்கோடும் போட்டுவிட்டால், ஏரியில் எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு குறைந்தது என்ற இரண்டும் ஒரே பார்வையில் விளங்கும்.

“அரையடிக்கு இத்தனை பேச்சா?” என்று கேட்காதீர்கள். ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் ஓரடி நீர் என்பது சுமார் 30 கோடி லிட்டர். ஏரியோ பல சதுர கிலோமீட்டர் பரந்தது. சோழர் காலத்தில், பத்தாம் நூற்றாண்டில் வெட்டப்பட்ட இந்த ஏரி, கீழணையிலிருந்து வடவாறு வழியாகக் கொள்ளிடத்து நீரைப் பெற்றுக் காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் வட்டாரத்து வயல்களுக்குத் தருகிறது. 2004ஆம் ஆண்டு முதல் சென்னைக்குக் குடிநீரும் இங்கிருந்து செல்கிறது. நாற்று விடலாமா என்று பார்க்கும் உழவர் ஒருபுறம். குழாயைத் திறக்கும் நகரத்தார் மறுபுறம். இவர்கள் இருவருக்கும் நடுவே ஒரு வரைபடத்தை வைக்கப் போகிறவர் நாளை நீங்களாகவே இருக்கலாம். அப்போது, “கணிப்பொறிதான் போட்டது” என்று சொல்ல முடியுமா?

இனி, எந்த நூலகத்தைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்கு வருவோம். அதற்குமுன் ஒரு சொல் வரலாறு.

பட்டை வரைபடம், கோட்டு வரைபடம் ஆகியவற்றைப் பொருளாதாரக் கணக்குகளுக்குப் பயன்படுத்தி 1786இல் ஒரு நூலை வெளியிட்டவர் ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் பிளேஃபேர். வட்ட வரைபடத்தையும் 1801இல் அவரே அறிமுகப்படுத்தினார். அன்று முதல் நெடுங்காலம் வரைபடம் கையால்தான் வரையப்பட்டது. 1986இல் ‘நியூபிளாட்’ என்னும் இலவச மென்பொருள் வந்தது. அது இன்றும் வழக்கில் இருக்கிறது. பிறகு, மூளை நரம்பியல் ஆய்வாளரான ஜான் ஹண்டர் என்ற அமெரிக்கர் வலிப்பு நோயாளிகளின் மூளை மின்னலைகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவருடைய ஆய்வகத்தில் இருந்த விலைக்குரிய மென்பொருளுக்கு உரிமம் ஒன்றே. அதைப் பலர் முறைவைத்துப் பயன்படுத்த வேண்டியிருந்தது. இந்த இடைஞ்சலால், பைத்தான் மொழியில் தாமே ஒரு நூலகத்தை எழுதத் தொடங்கி, 2003இல் எல்லோருக்கும் இலவசமாக வெளியிட்டார். அதுவே மேட்பிளாட்லிப். ஹண்டர் 2012இல் மறைந்தார். ஆயினும் அவர் நட்ட செடியைத் தன்னார்வலர்கள் வளர்த்து வருகிறார்கள். 2019இல் உலகமே வியந்து பார்த்த முதல் கருந்துளைப் படத்தை உருவாக்கிய பணியிலும் இந்நூலகத்துக்குப் பங்கு உண்டு.

இதில் தமிழ்நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. முப்பரிமாணத் தரவுகளைக் காட்சியாக்கும் ‘மாயாவி’ என்னும் பைத்தான் கருவியைப் பிரபு ராமச்சந்திரன் என்பவர் 2001ஆம் ஆண்டளவில் உருவாக்கினார். அப்போது அவர் சென்னை ஐ.ஐ.டி.யில் வானூர்திப் பொறியியல் ஆய்வு மாணவர். காற்றும் நீரும் எப்படி ஓடுகின்றன என்பதைக் கண்ணால் காண ஒரு கருவி வேண்டியிருந்தது, இல்லை, ஆகவே செய்துகொண்டார். உலகின் பல நாட்டு ஆய்வாளர்கள் அதைப் பயன்படுத்தினர். நூலகங்கள் வானத்திலிருந்து விழுபவை அல்ல, தேவைப்பட்டவர் எழுதியவை. இதை நினைவில் வைத்தால், இயல்பிருப்புகளை வேதவாக்காகக் கொள்ள மாட்டோம்.

இன்று பைத்தானில் மட்டுமே பல வரைபட நூலகங்கள் உள்ளன. மேட்பிளாட்லிப், அதன் மேல் கட்டிய சீபார்ன், இணைய உலாவியில் படத்தைக் காட்டும் பிளாட்லி, போக்கே, ஆல்டேர் எனப் பட்டியல் நீளுகிறது. ‘ஆர்’ என்னும் புள்ளியியல் மொழியில் ஜிஜிபிளாட்2 உண்டு. திருவிழாக் கடைத்தெருவில் நிற்கும் சிறுவனைப் போல எதை எடுப்பது என்று திகைக்க வேண்டியதில்லை. நான்கு கேள்விகள் கேட்டால் போதும்.

முதற்கேள்வி: இந்தப் படத்தை எங்கே பார்க்கப் போகிறார்கள்? தாளிலா, திரையிலா? பிளாட்லி, போக்கே ஆகியவற்றில் படத்தின் மீது சுட்டியை நகர்த்தினால் அந்தப் புள்ளியின் அளவு தோன்றும். ஒரு பகுதியைப் பெரிதாக்கிப் பார்க்கலாம். பத்தாண்டு நாள்மழைக் கணக்கு 3,652 புள்ளிகள் கொண்டது. அதைக் கடலூர் மாவட்ட மக்கள் தங்கள் கைப்பேசியில் துழாவிப் பார்க்க வேண்டுமானால் இவையே ஏற்றவை. ஆனால் பள்ளிச் செய்முறைக் குறிப்பேட்டில் ஒட்டும் தாளில் சுட்டியை எங்கே நகர்த்துவது? அங்கே தெளிவான அசையாப் படமே வேண்டும். மேலும், உலாவியில் ஓடும் படத்தைத் தனிக் கோப்பாகச் சேமித்தால், நூலகத்தின் பகுதியும் உள்ளே சேர்ந்து பல மெகாபைட் அளவுக்குப் பெருத்துவிடும். பழைய கணிப்பொறிகள் உள்ள ஆய்வுக்கூடத்தில் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இரண்டாங்கேள்வி: கறுப்பு வெள்ளையில் நகலெடுத்தால் படம் பிழைக்குமா? மேட்பிளாட்லிப்பில் முன்பு வெப்பப் படங்களுக்கு வானவில் நிறங்களே இயல்பிருப்பாக இருந்தன. பார்க்க அழகுதான். ஆனால் நடுவில் உள்ள மஞ்சள் பளிச்சென்று முன்னே வந்து, இல்லாத எல்லைகளை இருப்பதாகக் காட்டும். நகலெடுத்தால் சிவப்பும் நீலமும் ஒரே சாம்பல் நிறமாகிவிடும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத பார்வை உடையோரும் நம்மிடையே உள்ளனர். ஆகவே 2017இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பில் அதை மாற்றி, அடர் ஊதாவிலிருந்து மஞ்சளுக்குச் சீராக வெளுத்துக்கொண்டே போகும் ‘விரிடிஸ்’ என்னும் நிறவரிசையைப் புகுத்தினர். இயல்பிருப்பும் தவறாகலாம், திருத்தவும் படலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மூன்றாங்கேள்வி: அதற்குத் தமிழ் எழுதத் தெரியுமா? இதை யாரும் கேட்பதில்லை. நாம் கேட்டே ஆக வேண்டும். கடலூர் நகரின் ஊடே ஓடும் ஆற்றின் பெயரைப் படத்தின் தலைப்பில் இட்டுப் பாருங்கள்: ‘கெடிலம்’. மேட்பிளாட்லிப் தன்னோடு கொண்டுவரும் எழுத்துருவில் தமிழ் இல்லை; ஆகவே முதலில் வெறும் கட்டங்களே தோன்றும். தமிழ் எழுத்துரு ஒன்றைக் கொடுத்தாலும், அதன் பல பதிப்புகளில் ஒற்றைக்கொம்பு ‘க’வுக்கு முன்னால் வராமல் பின்னால் வந்து நிற்கும். கணிப்பொறி எழுத்துகளைச் சேமிக்கும் வரிசையில் ‘க’ முதலில், கொம்பு பிறகு. திரையில் காட்டும்போது அதை முன்னே கொண்டுவர ஒரு தனி வேலை செய்ய வேண்டும். அந்த வேலையைச் செய்யாத நூலகம் தமிழைக் குலைக்கிறது. பிளாட்லி, போக்கே, ஆல்டேர் ஆகியவை எழுதும் வேலையை உலாவியிடம் விட்டுவிடுவதால், கெடிலமும் கொள்ளிடமும் பிழையின்றி வரும். தெருமுனையில் நின்று பார்க்கும் ஒருவருக்குப் புரிய வேண்டுமென்றால், அச்சின் பெயர் அவர் மொழியில் இருக்க வேண்டாமா? ஆகவே எந்த நூலகத்தை எடுத்தாலும், எந்தப் பதிப்பானாலும், முதற்சோதனையாகக் ‘கெடிலம்’ என்று எழுதிப் பாருங்கள்.

நான்காங்கேள்வி: நான் என்ன சொல்கிறேன் என்பது எனக்கே விளங்குகிறதா? இங்கே இருவகை நூலகங்கள் உண்டு. ஒருவகையில், “கோடு போடு, புள்ளி வை, பட்டை நிறுத்து” என்று ஒவ்வொன்றாக ஆணையிடுகிறோம். மேட்பிளாட்லிப் இவ்வகை. மற்றொரு வகையில், “கிடையச்சு நாள், நிலையச்சு மழை, நிறம் ஊர்” என்று உறவுகளைச் சொல்கிறோம். படத்தை அது தீர்மானித்துக்கொள்கிறது. வரைபடத்துக்கும் மொழியைப் போல இலக்கணம் உண்டு என்ற இக்கருத்தை லேலண்ட் வில்கின்சன் என்ற அறிஞர் 1999இல் ஒரு நூலாகவே எழுதினார். அதைப் பின்பற்றியே ஹேட்லி விக்கம் என்ற நியூசிலாந்துக்காரர் ஜிஜிபிளாட்2-ஐ உருவாக்கினார். ஆல்டேரும் அவ்வழியில் வந்ததே.

இவ்வளவும் சொன்ன பிறகு என் முடிவைச் சொல்லாமல் நழுவுவது முறையன்று. தமிழ்நாட்டுப் பள்ளி மாணவர் முதலில் கற்க வேண்டியது மேட்பிளாட்லிப்தான் என்பது என் கருத்து. காரணங்கள் மூன்று. ஒன்று, 2019இல் வந்த பாடத்திட்டத்தின் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் நூலில் அதன் ‘பைபிளாட்’ பகுதி பாடமாகவே இருக்கிறது. ஐயம் வந்தால் கேட்க ஆசிரியரும் உண்டு, நண்பரும் உண்டு. இரண்டு, அது விலையின்றிக் கிடைக்கிறது. ஒருமுறை நிறுவிவிட்டால் இணையம் இல்லாமலும் ஓடும். மூன்று, அதுவே முக்கியமானது: ஒவ்வொன்றையும் நாமே சொல்ல வேண்டியிருப்பதால், எதை எதையெல்லாம் தீர்மானிக்க வேண்டும் என்று தெரிந்துகொள்கிறோம். அச்சின் எல்லையை ‘ஒய்லிம்’ என்னும் ஓர் ஆணையால் நாமே வகுக்கலாம். நம் மாணவியர் அந்த ஒரு வரியை எழுதியிருந்தால், இரு கதைகள் பிறந்திருக்கா.

அடுத்தபடியாக இலக்கண வழி நூலகம் ஒன்றைக் கற்கலாம். தமிழில் பொதுமக்களுக்குக் காட்டும் படமானால் உலாவி வழி நூலகத்தை நாடலாம். ஆனால் மாதம் ஒரு நூலகமாகத் தாவ வேண்டாம். ஐந்து கருவிகளை அரைகுறையாகப் பிடித்த கை, ஒன்றிலும் நேர்கோடு வரையாது.

பாடநூலில் உள்ளதாலேயே எல்லாவற்றையும் பயன்படுத்தவும் வேண்டாம். வட்ட வரைபடமும் பாடத்தில் இருக்கிறது. பன்னிரண்டு மாத மழையைப் பன்னிரண்டு துண்டுகளாக வெட்டினால், மே மாதத் துண்டு பெரிதா சூன் மாதத் துண்டு பெரிதா என்று கண் தடுமாறும். பட்டையாக நிறுத்தினால், கடலூர்க் கரையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை எப்படி ஓங்கி நிற்கிறது என்பது குழந்தைக்கும் விளங்கும். கோணத்தைவிட நீளத்தை ஒப்பிடுவது கண்ணுக்கு எளிது.

“இதற்கெல்லாம் நிரல் எதற்கு? வரைபடத்தாளும் பென்சிலும் போதாவா?” என்று சில பெரியவர்கள் கேட்பார்கள். அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. முதல் பத்து வரைபடங்களையாவது கையால் வரையுங்கள். அளவுத்திட்டம் தேர்ந்தெடுக்கும்போது படும் தொல்லைதான் வரைபடத்தைக் கற்றுத்தருகிறது. ஆனால் 3,652 புள்ளிகளைக் கையால் வைக்க இயலாது. அதைவிட, நிரல் என்பது ஒரு சாட்சி. எந்த எண்ணை எடுத்தீர்கள், எதை விட்டீர்கள், அச்சை எங்கே தொடங்கினீர்கள் என்று அது வரிவரியாகச் சொல்லும். வேறொருவர் அதை ஓட்டிச் சரிபார்க்கலாம். நாளை புதிய அளவு வந்தால் மீண்டும் ஓட்டலாம். அறிவியலுக்கு வேண்டியது இந்த வெளிப்படைத்தன்மைதானே?

“செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் நிரலையே எழுதித் தருகிறதே” என்று நீங்கள் முணுமுணுப்பதும் கேட்கிறது. தருகிறது, உண்மைதான். ஆனால் அதுவும் நூலகத்தின் இயல்பிருப்புகளையே பெரும்பாலும் அப்படியே விட்டுவிடும். வீராணத்தின் 47.5 அடி என்பது ஆழமா, குறிமட்டமா என்று கேட்கத் தெரிந்தவர் ஏரிக்கரையில் இருக்கும் நீங்கள்தான். எழுதும் வேலை எளிதாக ஆக, சரிபார்க்கும் வேலை பெரிதாகிறது.

1973இல் பிரான்சிஸ் ஆன்ஸ்கோம் என்ற புள்ளியியலறிஞர் நான்கு சிறு அட்டவணைகளை வெளியிட்டார். நான்கின் சராசரியும் ஒன்றே. எண்கள் சிதறிக் கிடக்கும் அளவும் ஏறத்தாழ ஒன்றே. படமாக வரைந்தால் ஒன்று சாய்கோடு, ஒன்று வளைவு, மற்ற இரண்டில் ஒரே ஒரு புள்ளி கூட்டத்தைவிட்டு விலகி நின்று கணக்கையே திசைதிருப்பிவிடும். எண்கள் மறைப்பதைப் படம் காட்டும் என்பதே அவர் சொன்ன பாடம். எண்கள் காட்டுவதைப் படம் மறைக்கவும் கூடும் என்பது நம் மாணவியர் சொன்ன பாடம்.

அவர்கள் அன்று மாலையே இரண்டு படங்களையும் கிழித்துவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். கிழிக்க வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். இரண்டையும் அருகருகே ஒட்டி, மூன்றாவதாகக் கொள்ளளவுப் படத்தையும் வரைந்து, “ஒரே ஏரி, மூன்று படங்கள்: எதை நம்புவீர்கள்?” என்று தலைப்பிட்டார்கள். மறுநாள் அந்த மேசையைச் சுற்றித்தான் கூட்டம்.

நீங்களும் செய்து பாருங்கள். உங்கள் ஊர்க் குளத்தின் மட்டத்தையோ, பள்ளி மாடியில் வைத்த மழைமானியின் அளவையோ ஒரு மாதம் குறித்து வையுங்கள். முதலில் தாளில் வரையுங்கள். பிறகு நிரலில் வரையுங்கள். இயல்பிருப்பு எதையெல்லாம் உங்களைக் கேட்காமல் முடிவு செய்தது என்று ஒரு பட்டியல் எழுதுங்கள். அந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றுக்கும், “இது இப்படித்தான் இருக்க வேண்டும், காரணம் இது” என்று உங்களால் சொல்ல முடிந்தால், அன்றுதான் அந்தப் படம் உங்களுடையது.